‘கார்டியாக் அரெஸ்ட்’ மட்டும் போதாது: இறப்புச் சான்றில் காரணம் எது, விதம் எது?

பழைய வட ஆற்காட்டின் பகுதியாக இருந்து இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்து நிற்கும் மாவட்டங்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனால், குடும்பத்தார் கைக்கு இப்போது இரண்டு தாள்கள் வர வேண்டும். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த இறப்புச் சான்றிதழ். பட்டா மாற்ற, வாரிசுச் சான்று வாங்க, வங்கிக் கணக்கை முடிக்க அதைத்தான் கேட்பார்கள். மற்றது, ‘இன்ன காரணத்தால் இறந்தார்’ என்று மருத்துவர் எழுதிக் கையெழுத்துப் போடும் மருத்துவச் சான்று. அதற்குப் படிவம் 4 என்று பெயர்.

இந்த இரண்டாவது தாள் வெகுகாலம் மருத்துவமனைக்கும் பதிவாளருக்கும் இடையிலேயே போய்வந்துகொண்டிருந்தது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டது. திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி, சிகிச்சை அளித்த மருத்துவமனை இந்தச் சான்றைப் பதிவாளருக்குக் கட்டணமில்லாமல் அனுப்ப வேண்டும். நெருங்கிய உறவினருக்கும் ஒரு நகல் தர வேண்டும்.

அப்படிக் கையில் வாங்கிப் படிப்பவர்களைக் குழப்பும் ஒரு வரி பல சான்றுகளில் இருக்கிறது: ‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்’, அதாவது இதயமும் மூச்சும் நின்றன என்பது. பாம்பு கடித்து இறந்தவருக்கும் அதே வரி, லாரி மோதி இறந்தவருக்கும் அதே வரி, டெங்குவில் போனவருக்கும் அதே வரி. அண்ணனுக்கு இதய நோயே கிடையாதே, பிறகு எப்படி இப்படி எழுதினார்கள் என்று தம்பி கேட்கிறார். நியாயமான கேள்வி. அந்த வரி சொல்வது இறந்த விதத்தை. காரணம் அதில் இல்லை.

காஸ், மோட்: இரண்டும் எங்கே பிரிகின்றன

மருத்துவச் சான்றில் அருகருகே புழங்கும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் இவை. ‘காஸ்’ என்பது சாவைக் கொண்டுவந்த நோய், காயம், அல்லது அவற்றிலிருந்து கிளைத்த சிக்கல். ‘மோட்’ என்பது உடல் கடைசியில் எப்படி நின்றது என்பது: இதயம் நின்றது, மூச்சு நின்றது, உடல் சோர்ந்து அடங்கியது.

யார் இறந்தாலும் கடைசியில் இதயமும் மூச்சும் நிற்கத்தான் செய்யும். எனவே ‘இதயமும் மூச்சும் நின்றதால் இறந்தார்’ என்பது ‘இறந்ததால் இறந்தார்’ என்பதற்குச் சமம். கிணற்று மோட்டார் ஏன் ஓடவில்லை என்று மெக்கானிக்கைக் கேட்கிறோம். ‘நின்றுபோச்சு, அதான் ஓடலை’ என்று அவர் சொன்னால் விடுவோமா? காயில் எரிந்ததா, ஒரு ஃபேஸ் போனதா, தண்ணீர் கீழே இறங்கிவிட்டதா என்றுதானே கேட்போம்.

இது ஏதோ நுணுக்கம் பேசுபவர்களின் வாதம் என்று நினைத்துவிடக் கூடாது. படிவம் 4-லேயே அச்சடித்திருக்கிறது: சாவை உண்டாக்கிய நோய், காயம் அல்லது சிக்கலை எழுதுக; இதயச் செயலிழப்பு, உடல் தளர்ச்சி போன்ற இறக்கும் விதத்தை எழுத வேண்டாம் என்று. அந்தக் குறிப்புக்குப் பக்கத்திலேயே, செய்யாதே என்றதைச் செய்து கையெழுத்துப் போட்ட சான்றுகள் நாடெங்கும் குவிந்து கிடக்கின்றன.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘கார்டியாக் அரெஸ்ட்’ வேறு, ‘ஹார்ட் அட்டாக்’ வேறு. ஹார்ட் அட்டாக் ஒரு நோய்: இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டு, அந்தத் தசை சாகத் தொடங்குவது. அது காரணமாக நிற்கக்கூடிய ஒன்று. கார்டியாக் அரெஸ்ட் என்பது இதயம் துடிப்பதை நிறுத்திவிட்ட நிலை. ஹார்ட் அட்டாக்கால் வரலாம், மின்சாரம் தாக்கி வரலாம், ரத்தம் வடிந்து வரலாம், விஷத்தால் வரலாம். செய்தித்தாள்கள் இரண்டையும் ‘மாரடைப்பு’ என்று ஒன்றாக்கிவிடுகின்றன. வீட்டிலும் அப்படியே சொல்கிறோம். விளைவு, கையில் வந்த தாளைப் பார்த்து ‘அப்பாவுக்கு மாரடைப்பாம்’ என்று குடும்பமே நம்பிவிடுகிறது.

படிவத்தை எப்படிப் படிப்பது

காரணம் என்றாலும் ஒரே ஒரு காரணம் கிடையாது. ஒன்றிலிருந்து ஒன்றாக வந்த சங்கிலி அது. படிவம் 4-இன் முதல் பகுதி அந்தச் சங்கிலியை மேலிருந்து கீழாக எழுதச் சொல்கிறது.

1. ‘அ’ வரி: உடனடிக் காரணம். சாவுக்கு நேர் முன்னால் நின்ற நோய் அல்லது சிக்கல்.
2. ‘ஆ’ வரி: அந்த உடனடிக் காரணத்தைக் கொண்டுவந்தது எது.
3. ‘இ’ வரி: அதையும் கொண்டுவந்தது எது. சங்கிலியின் தொடக்கம் இங்கே வர வேண்டும். இதுதான் அடிப்படைக் காரணம்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அந்த நிலை தொடங்கியதிலிருந்து சாவு வரை எவ்வளவு நேரம் என்று எழுதக் கட்டம் உண்டு. சான்று சரியாக எழுதப்பட்டதா என்று பார்க்க இந்தக் கட்டம் நல்ல உரைகல். கீழே போகப் போகக் காலம் நீள வேண்டும், அல்லது சமமாகவாவது இருக்க வேண்டும். ‘அ’ வரியில் மூன்று நாள், ‘இ’ வரியில் ஒரு மணி நேரம் என்றிருந்தால் சங்கிலி தலைகீழாக எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் நடக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். புழுக்கத்துக்குத் திண்ணையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார் ஒருவர். இரவில் கட்டுவிரியன் கடிக்கிறது. இந்தப் பாம்பின் பல் மிகச் சிறியது. கடித்த இடம் வீங்காது, பல் பட்ட தடம்கூடக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்கிறார். இமை தானாகக் கீழிறங்குகிறது. பேச்சு குழறுகிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் மூச்சு விடும் தசைகளே செயலிழக்கின்றன. வென்டிலேட்டரில் வைத்தும் இறந்துவிடுகிறார்.

இவருக்கான சான்று இப்படி இருக்க வேண்டும். ‘அ’ வரியில், மூச்சுத் தசைகளின் செயலிழப்பால் வந்த சுவாசச் செயலிழப்பு. ‘ஆ’ வரியில், பாம்பு விஷம் நரம்பையும் தசையையும் தாக்கியதால் வந்த தசைச் செயலிழப்பு. ‘இ’ வரியில், கட்டுவிரியன் கடி. இவ்வளவையும் விட்டுவிட்டு ‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்’ என்று ஒரே வரியில் முடித்தால் பாம்பு தாளிலிருந்தே காணாமல் போய்விடுகிறது. அந்தக் குடும்பம் அதற்கு என்ன விலை கொடுக்கும் என்பதைக் கீழே பார்ப்போம்.

இன்னொன்று, நாள் கடந்து வரும் சாவு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா அருகே பைக்கில் போனவரைப் பின்னாலிருந்து லாரி இடிக்கிறது. தலையில் அடி, இடுப்பெலும்பு முறிவு. நாற்பது நாள் படுக்கை. படுத்தே கிடந்ததில் நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வந்து இறக்கிறார். உடனடிக் காரணம் நிமோனியா. அடிப்படைக் காரணம் அந்த விபத்து. நாற்பது நாள் ஆனதால் விபத்து விலகிப்போய்விடாது. ‘நிமோனியா’ என்ற ஒரு சொல்லோடு சான்று முடிந்தால் நோயால் இறந்தவராகக் கணக்கில் ஏறுவார்.

அடிப்படைக் காரணம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரையறையும் இதைத்தான் சொல்கிறது: சாவில் போய் முடிந்த நோய்த் தொடரைத் தொடங்கிவைத்த நோய் அல்லது காயம்; விபத்து, வன்முறை என்றால் காயத்தை உண்டாக்கிய அந்தச் சூழ்நிலை. 1893இல் பெர்டியோன் என்ற பிரெஞ்சுப் புள்ளியியலாளர் இறப்புக் காரணங்களுக்கென ஒரு பொதுப் பட்டியல் தந்தார். 1948இல் உலக சுகாதார நிறுவனம் அதன் ஆறாவது திருத்தத்தை ஏற்றபோது, ‘அடிப்படைக் காரணம்’ என்ற விதியும் சான்றின் பொது வடிவமும் நிலைபெற்றன. காரணம் எளிது. சங்கிலியின் முதல் கண்ணியை அறுத்தால் மிச்சம் எதுவும் நடக்காது. பாம்புக்கடியைத் தடுக்கலாம், மோதலைத் தடுக்கலாம். ‘இதயம் நிற்பதை’ எந்தச் சுகாதாரத் துறையாலும் திட்டம் போட்டுத் தடுக்க முடியாது.

‘இணை நோய்’ எங்கே போகும்

படிவத்தின் இரண்டாவது பகுதியில், சாவுக்குத் துணைபோன, ஆனால் மேலே சொன்ன சங்கிலியில் சேராத நோய்களை எழுத வேண்டும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, பழைய ஆஸ்துமா போன்றவை பெரும்பாலும் இங்கே வரும்.

கொரோனா காலத்தில் தமிழ்நாடு முழுக்க இந்த இரண்டாவது பகுதியை வைத்துத்தான் சண்டை நடந்தது. தினசரி அறிக்கைகளில் ‘இணை நோய்’ என்ற சொல் அன்றாடம் வந்தது. சர்க்கரை இருந்தது, அதனால் இறந்தார் என்று ஒரு தரப்பு; கொரோனா வந்ததால்தானே இறந்தார் என்று மற்றொரு தரப்பு. சர்க்கரையோடு இருபது வருடம் கறிவேப்பிலையும் வெந்தயமும் மாத்திரையுமாக ஓட்டியவர், தொற்று வந்து பன்னிரண்டாம் நாள் நுரையீரல் பழுதாகி இறந்தால், சங்கிலியைத் தொடங்கியது தொற்றுதான். சர்க்கரை இரண்டாம் பகுதிக்குப் போக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020இல் மருத்துவர்களுக்கு இதே வழிகாட்டுதலைத்தான் கொடுத்தது. 2020 ஜூலை 22 அன்று தமிழக அரசு, முன்பு விடுபட்டுப்போன 444 இறப்புகளை ஒரே நாளில் கொரோனா கணக்கில் சேர்த்தது. பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டு, தொற்று உறுதியான 30 நாளுக்குள் நேர்ந்த இறப்புகளைக் கணக்கில் எடுக்கும் விதிமுறையும் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் உதவித்தொகையும் வந்தன. எந்த வரியில் எந்த நோய் என்பது அப்போது ஐம்பதாயிரம் ரூபாய்க் கேள்வியாக இருந்தது.

ஆனால் சர்க்கரை எப்போதும் இரண்டாம் பகுதிக்குத்தான் என்று மனப்பாடம் செய்துகொள்ள வேண்டாம். காலில் ஆறாத புண், அது அழுகல், அழுகலிலிருந்து ரத்தத்தில் நச்சுப் பரவல், அதனால் சாவு என்றால், அங்கே சர்க்கரையே சங்கிலியின் தொடக்கம். முதல் பகுதியின் கடைசி வரியில் அது இருக்க வேண்டும். ஒரே நோய், ஆளுக்கு ஆள் இடம் மாறும்.

‘மேனர்’: இன்னொரு கட்டம்

சான்றில் ‘மேனர்’ என்றும் ஒரு கட்டம் இருக்கிறது: இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை, விசாரணையில் உள்ளது. இது சாவின் தன்மையைக் கேட்கிறது. இயற்கையல்லாத சாவு, சந்தேகச் சாவு என்றால் காவல்துறை விசாரணை உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு; 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு. அப்போது உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போகும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிணவறை வாசலில் காத்திருக்கும் குடும்பங்களில் பலர் இந்தக் கட்டத்தால்தான் அங்கே நிற்கிறார்கள். உள்ளுறுப்புகள் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டால், அந்த முடிவு வரும்வரை இறுதிக் காரணம் எழுதப்படாமல் நிற்கலாம். அது தாமதம்தான், தவறு கிடையாது.

தாளில் ஒரு வரி, வீட்டில் பெரிய தொகை

இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை மூன்று இடங்களில் பார்க்கலாம்.

முதலாவது, காப்பீடு. வங்கிக் கணக்கு வைத்திருக்கும் பலரிடமிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கப்படுகிறதே, அது பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம். விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய். 436 ரூபாய் பிடிக்கப்படுவது ஜீவன் ஜோதி திட்டம். அதில் எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். முதல் திட்டத்தில் நோயால் வரும் சாவுக்குப் பணம் கிடையாது. ஆனால் பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவை விபத்தாக ஏற்கப்படும். சாலை விபத்தைப்போலப் போலீசில் பதிவு இல்லாவிட்டாலும், உடனடி மருத்துவமனைப் பதிவு அந்தக் காரணத்தை உறுதிசெய்ய வேண்டும் என்பது நிபந்தனை.

திண்ணையில் படுத்திருந்தவரின் மனைவியை இப்போது நினைத்துப் பாருங்கள். கணவர் பாம்பு கடித்து இறந்தார் என்று ஊருக்கே தெரியும். கையில் உள்ள தாளில் இதயமும் மூச்சும் நின்றன என்று மட்டும் இருக்கிறது. அது நோய்ச் சாவாக வாசிக்கப்படும். இரண்டு லட்சத்துக்காக அந்தம்மா எத்தனை முறை பஸ் ஏறி வேலூருக்கு வர வேண்டியிருக்கும்! மருத்துவர் ‘கட்டுவிரியன் கடி’ என்று கூடுதலாக எழுதியிருந்தால் அந்த அலைச்சல் பெரும்பாலும் இருந்திருக்காது.

இரண்டாவது, வெயில். மே மாதத்தில் வேலூரில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். தமிழக அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். ஆனால் வெயிலில் சுருண்டு விழுந்தவர் வெப்பத்தாக்கால்தான் இறந்தார் என்று சொல்ல, உடல் வெப்பம் அளக்கப்பட்டிருக்க வேண்டும். 40 டிகிரிக்கு மேல் ஏறிய உடல் வெப்பமும், நினைவு தப்புதல், பிதற்றல், வலிப்பு போன்ற மூளைக் குழப்பமும் சேர்ந்திருப்பதுதான் வெப்பத்தாக்கின் அடையாளம். செங்கல் சூளையிலோ சாலை வேலையிலோ விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த அந்த நிமிடத்தில் யாரும் வெப்பத்தை அளந்து எழுதவில்லை என்றால், பிறகு உடல் குளிர்ந்துவிடும். சாட்சியும் அதோடு போய்விடும்.

மூன்றாவது, தொழிற்சாலை. நம் பகுதிக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளில் தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீரும், பின்கட்டத்தில் வரும் அமிலக் கழிவுநீரும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அதுதான் இதன் கொடுமை. தொட்டியில் இறங்கியவர் மயங்கி விழுகிறார், தூக்கப்போனவரும் விழுகிறார்.

இவர்களின் சான்றில் ‘மூச்சுத் திணறல்’ என்று மட்டும் எழுதினால், அவர் வீட்டில் படுத்திருந்தபோது மூச்சுத் திணறினாரா, வேலையில் தொட்டிக்குள் திணறினாரா என்பதே தெரியாது. தொழிலாளர் இழப்பீடும் இ.எஸ்.ஐ.யின் சார்ந்தோர் உதவியும் ‘வேலையால், வேலையின்போது’ நேர்ந்த காயம் என்ற அடிப்படையில் நிற்பவை. ‘கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது ஹைட்ரஜன் சல்பைடை சுவாசித்ததால்’ என்ற வரி இல்லாத சான்று, முதலாளிக்கு வசதியான சான்று. மருத்துவர் அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டார். ஆனால் பலன் யாருக்குப் போகிறது என்பதில் சந்தேகமில்லை.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அங்கே சங்கிலியின் தொடக்கம் சுவர் இடிந்ததுதான் என்பதில் யாருக்கும் ஐயம் வரவில்லை, ஊரே பார்த்தது. தனியாக, ஒரு மூலையில், ஒருவராக இறப்பவர்களுக்குத்தான் அந்தத் தாள் பேச வேண்டியிருக்கிறது.

ஊர்க் கணக்கு தவறினால்

ஒவ்வொரு சான்றும் பதிவாளர் வழியாக மாநிலத்துக்கும் பிறகு நாட்டின் கணக்குக்கும் போகிறது. 2020இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவச் சான்றோடு வந்தவை 22.5 விழுக்காடுதான். நூறில் எழுபத்தேழு பேர் எதனால் இறந்தார்கள் என்று மருத்துவர் எழுதிய தாளே கிடையாது. எழுதப்பட்ட கொஞ்சத்திலும் ‘இதயம் நின்றது’ என்றால் என்ன மிஞ்சும்?

வீட்டில் நேரும் சாவுக்குக் கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம் போய்ச் சொல்கிறோம். ‘வயசாயிடுச்சு’, ‘நெஞ்சு வலின்னாரு’, ‘காய்ச்சல்’ என்று சொன்னது எழுதப்படும். அந்தச் சொற்களின் பின்னால் என்ன இருந்தது என்று தேடியதில் வேலூருக்கு ஒரு தனி வரலாறு உண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) சமுதாய மருத்துவத் துறை கணியம்பாடி ஒன்றியத்தில் கிராமம் கிராமமாக இறப்புகளைப் பின்தொடர்ந்தது. சாவு நடந்த வீட்டுக்குப் போய், கடைசி நாட்களில் என்னென்ன நடந்தன என்று உறவினரிடம் பொறுமையாகக் கேட்டு, சுகாதாரப் பணியாளர், செவிலியர், மருத்துவர் என்று படிப்படியாகச் சரிபார்த்துக் காரணத்தை முடிவுசெய்வார்கள். ‘வெர்பல் அட்டாப்சி’ என்ற இந்த முறையில் 1994 முதல் 1999 வரை பார்த்தபோது, அங்கே தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 95.2 என்று தெரியவந்தது. நாட்டின் அரசுக் கணக்கோ அப்போது லட்சத்துக்கு 11 அளவில் இருந்தது. 2003இல் இந்த ஆய்வு வெளியானது. ஒரு ஒன்றியத்தை நாடு முழுவதற்கும் அளவாக வைக்க முடியாது என்பது உண்மை. ஆனாலும் அவ்வளவு துயரம் பதிவேட்டில் வேறு பெயர்களுக்குள் மறைந்து கிடக்க முடியும் என்பதை அது காட்டியது. நம் மண்ணில் நடந்த வேலைகளில் எனக்கு மிகவும் மதிப்புள்ளவற்றில் இது ஒன்று.

பாம்புக்கடிக் கணக்கும் இதே பாதையில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. வீடு வீடாகக் கேட்டு நடத்திய தேசிய அளவிலான ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. மருத்துவமனைப் பதிவுகளில் இதில் சிறு பங்குதான் இருந்தது. தமிழ்நாடு 2024இல் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி இருக்க வேண்டும் என்று முடிவுசெய்ய, அந்த ஊரில் எத்தனை பேர் கடிபட்டார்கள் என்று தெரிய வேண்டும். தாளில் பாம்பு இல்லையென்றால் குப்பியும் இருக்காது.

மருத்துவர்கள் ஏன் இப்படி எழுதுகிறார்கள்

அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிடுவது நியாயமாகாது. இரவு இரண்டு மணிக்கு இறந்தவரின் சான்றை எழுதுபவர் பெரும்பாலும் பணியிலிருக்கும் இளம் மருத்துவர். பத்து நாள் சிகிச்சை கொடுத்தவர் வேறொருவர். வெளியே உறவினர்கள் ‘பாடியைக் கொடுங்க’ என்று நெருக்குகிறார்கள். ‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்’ என்று எழுதினால் அது எப்போதும் பொய்யாகாது, யாரும் கோர்ட்டுக்கு இழுக்க மாட்டார்கள் என்ற எண்ணமும் உண்டு. படிப்பில் இதற்கு ஒதுக்கப்படும் நேரமும் குறைவு.

வரும்போதே உயிரில்லை என்றால் நிலைமை வேறு. நோயாளியை முன்பின் பார்த்திராத மருத்துவர் ஊகித்துக் காரணம் எழுதக் கூடாது. அப்படிப்பட்டவரை வற்புறுத்தி ‘மாரடைப்புன்னு போட்டுக் கொடுங்க டாக்டர்’ என்று வாங்குவது நம் ஊரில் சகஜமாகிவிட்டது. பிரேதப் பரிசோதனையைத் தவிர்ப்பதற்காகச் செய்கிறோம். பிறகு காப்பீட்டுக்காரர் கேட்கும்போது அந்தத் தாளே நமக்கு எதிராக நிற்கும்.

குடும்பத்தார் செய்யக்கூடியது

1. சேர்க்கும்போதே நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: பாம்பு, விழுந்தது, வெயில், தொட்டியில் இறங்கியது, எத்தனை மணிக்கு. அது சேர்க்கைக் குறிப்பில் ஏறியதா என்று கேளுங்கள். பிறகு எழுதப்படும் எல்லாவற்றுக்கும் அந்த முதல் குறிப்புதான் ஆதாரம்.

2. படிவம் 4-இன் நகலைக் கேட்டு வாங்குங்கள். இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது; காரணத்தை அதில் வெளியிடக் கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்கிறது. எனவே ‘நகராட்சியில் வாங்கிக்கலாம்’ என்று விட்டுவிட வேண்டாம்.

3. வாங்கியதும் ‘அ’ வரியோடு நிறுத்தாமல் கடைசி வரி வரை படியுங்கள். முதல் வரியில் மட்டும் ‘அரெஸ்ட்’ என்று இருந்து கீழே காலியாக இருந்தால், அங்கேயே கேளுங்கள்: ‘டாக்டர், எதனால அரெஸ்ட் ஆச்சுன்னு அடுத்த வரியில எழுதிக் கொடுங்க.’ பெரும்பாலானவர்கள் எழுதித் தருவார்கள்.

4. பெண் இறந்திருந்தால், கர்ப்பம் அல்லது பிரசவத்தோடு தொடர்புண்டா என்ற கட்டம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தாய் இறப்புக் கணக்கு அதைச் சார்ந்தது.

5. சிகிச்சைப் பதிவேடுகளின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. உள்நோயாளிப் பதிவுகளை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். ஆகவே திவசம் முடியட்டும், வருஷம் திரும்பட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

6. வீட்டில் இறந்தவருக்கு 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். வி.ஏ.ஓ.விடம் ‘வயசு’ என்று மட்டும் சொல்லாமல், இருந்த நோய், கடைசியாகப் பார்த்த மருத்துவர், சாப்பிட்ட மாத்திரை எல்லாவற்றையும் சீட்டோடு கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.

7. பதிவேட்டில் காரணம் தவறாக ஏறிவிட்டது என்று பிறகு தெரியவந்தால், சிகிச்சை அளித்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் மனு கொடுத்துத் திருத்திய சான்றைக் கேளுங்கள். அதை ஆதாரமாக வைத்துப் பதிவாளரிடம் விண்ணப்பியுங்கள். தவறான பதிவைத் திருத்தும் அதிகாரத்தைப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அவருக்குக் கொடுத்திருக்கிறது. மனு கொடுத்த இடத்தில் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.